அலைவரிசைச் சித்தரின் திருப்பாதம்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, கொழும்பு வெள்ளவத்தை 'சமுத்திர தீபம்' தொடர்மாடியின் 4பி வீட்டில் கூடியிருந்தவர்கள்:

வீட்டுக்காரி மேனகா. பட்டுச்சேலை, ஈரத் தலைமுடி, மூன்று நாள் விரதம்.

5ஏ பொன்னம்பலம். இளைப்பாறிய நீர்ப்பாசனப் பொறியியலாளர். ஒரு காலத்தில் குளங்களுக்கு அணை கட்டியவர். தன் வீட்டுக் குளியலறைக் குழாய் ஒழுகுவது செவ்வாய் தோஷத்தால் என்று நம்புகிறவர்.

3சி சுதர்சினி. உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவர். காலையில் மின்சாரம் பற்றிப் பாடம், மாலையில் மின்குமிழுக்குத் தேங்காய்.

2ஏ பேர்ணடெற். கொட்டாஞ்சேனைக்காரி, இங்கே வாடகைக்கு இருக்கிறவர். துறைமுகத்தில் முப்பது வருடம் டெலிபோன் ஒப்பரேட்டர். கும்பிட வரவில்லை, பார்க்க வந்தார். வடை இரு தரப்புக்கும் ஒன்றுதான்.

மேனகாவின் மகன் சாரங்கன். உடம்பு ரொறன்ரோவில். முகம் மட்டும் ஒரு டப்லெட்டில், சாமி அறை வாசலில், நெய்ப் போத்தலில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மென்பொருள் பொறியியலாளர்.

மற்ற வீடுகளிலிருந்து பதினேழு பேர். கதிரை போதாமல் படிக்கட்டு வரை நின்றார்கள்.

பிரதம விருந்தினர்: அருள்மிகு அலைவரிசைச் சித்தர்.

சிறப்பு விருந்தினர்: பேய் ஒன்று.

ராக்கம்மா இந்தப் பட்டியலில் இல்லை. தேத்தண்ணி கொண்டுவருகிறவரை யாரும் எண்ணுவதில்லை. அவருடைய துணிப்பை மட்டும், இரண்டு சேலையும் ஒரு துவாயும் அடைக்கப்பட்டு, வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் இருந்தது. அடைத்து வைத்தவர் மேனகா. பேயை விரட்டியதும் அதே கையோடு ராக்கம்மாவையும் விரட்டிவிடுவதாக ஏற்பாடு. ஒரே செலவில் இரண்டு வேலை.

பேய் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பேய் பார்சலில் வந்தது.

தனியாக இருக்கும் அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று சாரங்கனுக்கு ஜனவரியில் மனச்சாட்சி உறுத்தியது. உறுத்தும்போது மகன்கள் நேரில் வருவதில்லை, எதையாவது வாங்கி அனுப்புவார்கள். இந்த முறை அனுப்பியது ஸ்மார்ட் வீடு. அதாவது, வீட்டிலுள்ள பொருட்களுக்கெல்லாம் மூளை. மின்குமிழுக்கு மூளை, மின்விசிறிக்கு மூளை, சன்னல் திரைக்கு மூளை. வரவேற்பறை மூலையில் உருளையாக ஒரு பேசும் பெட்டி. 'லைற்றைப் போடு' என்று சொன்னால் போடும். மேனகாவின் ஆங்கிலத்தில் சொன்னால் கொஞ்சம் யோசித்துவிட்டு, கிறீன்லாந்தின் வெப்பநிலையைச் சொல்லும்.

பொருத்துவதற்கு ஓர் இளைஞன் இரண்டு நாள் வந்தான். தலையில் தொப்பி, தூசிக்கு முகக்கவசம், தோளில் ஏணி. அவனோடு மேனகா பேசியது மொத்தம் மூன்று வசனம். "செருப்பைக் கழட்டும்." "சுவரைப் பழுதாக்காதையும்." "முடிஞ்சுதோ?" மூன்றையும் தொலைக்காட்சியைப் பார்த்தபடி சொன்னார். இளைஞன் போகும்போது மின்சாரப் பெட்டியின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினான். 'பிறெடி ஸ்மார்ட் சேர்விஸ். பழுதென்றால் அழைக்கவும்.' கீழே தொலைபேசி எண்.

ஏணியை இரண்டு நாளும் பிடித்துக்கொண்டு நின்றவர் ராக்கம்மா.

வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் புதிய பொருள் வந்தால் மற்ற வீட்டுக்குத் தூக்கம் வராது. 4பியைப் பார்த்து 5ஏ பொருத்தியது. 5ஏயைப் பார்த்து 3சி. அதே இளைஞன், அதே ஏணி. ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காக எரிந்தது, அணைந்தது, சுழன்றது.

பெப்ரவரியில் பேய் வந்தது. சாமி அறை மின்குமிழ் நடுப்பூசையில் சிவப்பாகியது. திரை தானே திறந்தது, மேனகா சேலை மாற்றும்போது. பேசும் பெட்டி யாரும் கேட்காமல் சிரித்தது. அடுத்த கிழமை 5ஏயில் மின்விசிறி பொன்னம்பலத்தின் பென்சன் கடிதங்களைப் பறக்கவிட்டது. அதற்கடுத்த கிழமை 3சி. பொருத்திய வரிசையிலேயே பேய் வந்தது. வரிசை தவறாத பேயை அரச அலுவலகங்களில்கூடப் பார்க்க முடியாது. யாருக்கும் அது உறைக்கவில்லை.

சாரங்கன் மட்டும் ரொறன்ரோவிலிருந்து ஏதோ தேடிப் பார்த்தான். "அம்மா, லைற்றை மாத்தினது 'அட்மின்' எண்டு காட்டுது. நானும் அட்மின்தான். ஆனா நான் மாத்தேல்லை."

"அப்ப ஆர் மற்ற அட்மின்?"

"அதுதானம்மா எனக்கும் விளங்கேல்லை."

மாதம் ஆறாயிரம் டொலருக்கு இதே மாதிரிக் கேள்விகளுக்கு விடை கண்டுபிடிக்கும் வேலை பார்க்கிறவன், அம்மாவின் வீட்டுக் கேள்வி என்றதும் விடையைத் தேடுவதை நிறுத்தினான். வீட்டுக் கேள்விக்குச் சாமி போதும்.

சாமியும் வாட்ஸப்பில் வந்தார். 'உங்கள் வீட்டில் விளக்கு தானாக எரிகிறதா? பெட்டி தானாகப் பேசுகிறதா? வைஃபை வழியே துர்சக்தி நுழைந்திருக்கலாம். அலைவரிசைச் சித்தரை அணுகுங்கள்.' சாதாரண வீடுகளின் பேயை அவர் தொடுவதில்லை. குப்பி விளக்குக்காரருக்கு வேறு மந்திரவாதி. இவர் ஸ்பெஷலிஸ்ட். கொள்ளுப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை பதினொரு வீடுகளில் விரட்டியிருந்தார். அவர் விரட்டினால் பேய் மூன்று மாதம் வராது. மூன்று மாதத்துக்குப் பிறகு வரும். உத்தரவாதக் காலம் முடிந்த மிக்ஸியைப் போல.

காவிப் பட்டு, மார்பு வரை தாடி, நீலக் கண்ணாடி. கழுத்திலிருந்து ஒரு ஜெபப்பை தொங்கியது. வலது கை எப்போதும் அந்தப் பைக்குள். உள்ளே நூற்றெட்டு மணி மாலை இருக்கிறதாம், எண்ணிக்கொண்டே இருக்க வேண்டுமாம், கையை எடுத்தால் பிரபஞ்சத் தொடர்பு அறுந்துவிடுமாம். அட்மின் யார் என்று சாரங்கன் கேட்டபோது சித்தர் கண்ணை மூடினார்.

"சர்வலோகத்துக்கும் அட்மின் ஒருவன்தான்."

டப்லெட்டுக்குள் சாரங்கன் கையெடுத்துக் கும்பிட்டான்.

முதல் நாளே சித்தருக்குப் பாதபூசை நடந்தது. காலைக் கழுவும் வேலை ராக்கம்மாவுக்கு வந்தது. தொடுவது புண்ணியம், கழுவுவது வேலை. மேனகாவும் பொன்னம்பலமும் சுதர்சினியும் வரிசையாக வந்து பாதத்தைத் தொட்டார்கள், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. ராக்கம்மா கண்ணைத் திறந்துகொண்டு கழுவினார். கண்ணை மூடிக்கொண்டு எதையும் கழுவ முடியாது.

வலது காலின் இரண்டாவது விரல் பெருவிரலின் மேல் ஏறிப் படுத்திருந்தது. பெருவிரல் நகம் பாதி இல்லை. குதிகாலில் பிறை மாதிரி ஒரு தழும்பு.

ஏணியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் நின்றவருக்கு மேலே தெரிந்தது முகமல்ல, பாதம். இந்தப் பாதம்.

"சாமி ஏணியெல்லாம் ஏறுவீங்களா?" என்றார் ராக்கம்மா.

"ஞான ஏணியில் ஏறுவோம், தாயே," என்று சித்தர் காலை இழுத்துக்கொண்டார். சாணி மிதித்தவர் இழுக்கும் வேகம்.

அடுத்த வருகையில் சித்தர் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார். "இந்தப் பேய் கடலிலிருந்து வந்ததல்ல. மலையிலிருந்து இறங்கியது. தேயிலை வாசனை அடிக்கிறது. இந்த வீட்டில் தேயிலை வாசனை யாரிடம்?"

அறையிலிருந்த ஒன்பது பேர் கையிலும் தேத்தண்ணிக் கோப்பை. ஒன்பது பேரும் ராக்கம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மலைநாட்டுப் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து பதினொரு வருடம்.

அன்றைக்கே மேனகா தொடர்மாடியின் வாட்ஸப் குழுவில் எழுதினார். '4பி வேலைக்காரியோடுதான் அந்தச் சாமான் வந்திருக்காம். வெள்ளிக்கிழமை அனுப்பிறம். ஒருத்தரும் வேலைக்கு எடுக்க வேண்டாம்.' நாற்பத்திரண்டு பேர் பார்த்தார்கள். முப்பது பேர் கும்பிடு போட்டார்கள். அந்த முப்பது பேருக்கும் தெஹிவளையில் அக்கா, கொள்ளுப்பிட்டியில் மச்சாள். விடிவதற்குள் கொழும்பில் ராக்கம்மாவுக்குத் திறக்கக்கூடிய சமையலறைக் கதவு ஒன்றுகூட மிஞ்சவில்லை. வேலை போவது ஒன்று. பேய்க்காரி என்ற பெயரோடு போவது வேறு.

வியாழக்கிழமை குப்பை போடும் இடத்தில் பேர்ணடெற் அவரை நிறுத்தினார்.

"என்னா ராக்கம்மா, உன் ஒடம்புல பேயாமே. எனக்கெல்லாம் வாயுதான் இருக்குது."

"அக்கா, அந்தாளு சாமியில்ல. லைட்டு போட வந்த பையன். கால வச்சுக் கண்டுபுடிச்சேன்."

"போய்ச் சொல்லு."

"சொன்னா யாரு நம்புவாங்க? அவருக்குத் தாடி இருக்கு. எனக்கு வெளக்கமாறுதான் இருக்கு." ராக்கம்மா குப்பைப் பையை இறுக்கிக் கட்டினார். "ஒண்ணு செஞ்சிருக்கேன். சாமி ரூம் பல்பையும் டாய்லெட் பல்பையும் மாத்திப் போட்டுட்டேன். ரெண்டுக்கும் ஒரே மூஞ்சி. பேய் ரூமப் புடிச்சிருக்கா, பல்பப் புடிச்சிருக்கான்னு நாளைக்குப் பாத்துருவோம்."

பேர்ணடெற் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இனி வெள்ளிக்கிழமை. ஐந்தே முக்கால்.

சித்தர் சாமி அறை வாசலில் நின்றார். வலது கை பைக்குள். இருபது பேர் மூச்சை அடக்கினார்கள். பொன்னம்பலத்துக்கு மூச்சை அடக்க முடிந்தது, மற்றதை அடக்க முடியவில்லை. வயது எழுபத்தொன்று. ஓசைப்படாமல் விருந்தினர் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"ஓம் ஹ்ரீம் ரௌட்டராய நமஹ," என்று சித்தர் தொடங்கினார். "ஓம் ஹ்ரீம் சிக்னலாய நமஹ. துர்சக்தியே, இந்த அறையின் விளக்கில் செந்நிறமாய் வெளிப்படு."

சாமி அறை விளக்கு, வெள்ளையாக, அமைதியாக, ஓர் அரச ஊழியரைப் போல எரிந்துகொண்டிருந்தது.

"வெளிப்படு."

பைக்குள் கை வேகமாக அசைந்தது. மணி எண்ணுவது வேகம் கூடியிருக்க வேண்டும்.

"வெளிப்படு என்கிறேன்."

கழிப்பறையிலிருந்து ஓர் அலறல் வந்தது. கதவு திறந்தது. பொன்னம்பலம் ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் சுவரையும் பிடித்தபடி வந்து நின்றார். அவருக்குப் பின்னால் கழிப்பறை முழுவதும் சிவப்பாக மின்னியது. பிறகு நீலம். பிறகு சிவப்பு.

"இருந்து... இருந்துகொண்டிருக்கேக்க..." என்றார் பொன்னம்பலம். மேலே சொல்லவில்லை. நல்லது.

ஒரு கணம் அறை உறைந்தது. சித்தரும்தான். கழிப்பறையைப் பார்த்தார், சாமி அறையைப் பார்த்தார், கடைசியாக ராக்கம்மாவைப் பார்த்தார். ராக்கம்மா வடைத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது மேனகா கைகளைத் தலைக்கு மேல் குவித்தார். "ஐயோ, சாமி அறையிலை இருந்ததைக் கக்கூசுக்குக் கலைச்சுப் போட்டார்."

போதும். ஏமாற்றுகிறவருக்கு மூளை தேவையில்லை. ஏமாறுகிறவர்களே அந்த வேலையைச் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்கள். சித்தர் தாடியை நீவினார். "ஓம். அசுத்தத்தை அசுத்தத்தில் சேர்த்தோம்."

"அது அதிர்வெண்," என்று சுதர்சினி பின்னால் நின்றவர்களுக்கு விளக்கினார். "மந்திரத்தின்ரை அதிர்வெண்ணும் அறையின்ரை அதிர்வெண்ணும் ஒண்டானால் சக்தி இடம்மாறும். 'ரெசனன்ஸ்', தமிழிலை பரிவு எண்டு சொல்லுறது. சிலபசிலை இருக்கு."

அவருடைய மாணவர்களுக்காகக் கொஞ்சம் துக்கப்பட்டுவிட்டு மேலே போவோம்.

கூட்டம் கழிப்பறையை நோக்கி நகர்ந்தது. வாசலில் கற்பூரம் ஏற்றப்பட்டது. தேங்காய் உடைந்தது. சிவப்பும் நீலமுமாய் மின்னிக்கொண்டிருந்த கொமோடுக்கு இருபது பேர் தோப்புக்கரணம் போட்டார்கள். பின்னாலிருந்து டப்லெட்டின் குரல் கேட்டது.

"அம்மா, என்னைத் திருப்புங்கோ. எனக்குக் கக்கூஸ் தெரியேல்லை."

ராக்கம்மா திருப்பி வைத்தார். சாரங்கன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

சித்தர் தீர்ப்பைச் சொன்னார். அந்த மின்குமிழில் பேய் அடைபட்டுவிட்டது. அதைக் கழற்றி அவரிடம் ஒப்படைக்க வேண்டும், அவர் கடலில் போடுவார். பேயைக் கொண்டுவந்த பெண் ஆறரை மணிக்கு முன் வாசற்படியைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் அது அடுத்த வீட்டுக்குப் பாயும். அடுத்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் ராக்கம்மாவிடமிருந்து ஓரடி தள்ளி நின்றார்கள்.

"கேட்டனீதானே," என்றார் மேனகா. "பை வாசல்லை இருக்கு. சாமி சொன்ன நேரத்துக்கு இறங்கு."

"சரிங்கம்மா. போறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒரு தேத்தண்ணி குடுத்துட்டுப் போறேன்."

மலைப் பேயின் கையால் தேத்தண்ணி குடிப்பதா என்று ஒருவரும் கேட்கவில்லை. இஞ்சி போட்டிருந்தது.

ராக்கம்மா பெரிய தட்டில் இருபது கோப்பைகளோடு வந்தார். கழிப்பறை வாசலில் நின்று மேலே பார்த்தார்.

"அம்மா, பல்பக் கழட்டிட்டா உள்ள இருட்டு. ஐயாமாருக்கெல்லாம் சக்கர வியாதி. அந்த லைட்டு போட்ட பையனக் கூப்பிட்டு வேற ஒண்ணு போடச் சொல்லுங்க. நம்பரு கரண்டு பெட்டி மேல ஒட்டியிருக்கு."

நியாயமான பேச்சு. பொன்னம்பலம் உடனே தலையாட்டினார், அவருக்கு மறுபடியும் அவசரம். பேர்ணடெற் ஏற்கனவே மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஸ்டிக்கரைப் பார்த்து எண்களை ஒவ்வொன்றாக, பழைய ஒப்பரேட்டர் குரலில், வாசித்தார். மேனகா தன் போனில் அழுத்தினார்.

சித்தரின் கை பைக்குள் அவசரமாக எதையோ தேடியது.

"சாமி, கொஞ்சம் புடிங்க," என்றார் ராக்கம்மா. "சேல கால்ல மாட்டிக்கிச்சு." தட்டு சரிந்தது.

உண்மையான சித்தராக இருந்தால் தட்டு விழட்டும் என்று விட்டிருப்பார். பிறந்ததிலிருந்து வேலை செய்தே பழகியவனால் அது முடியாது. 'பிடி' என்ற சொல் கேட்டதும் கை தானாக வரும். இரண்டு கையும் வந்தது. பிரபஞ்சத் தொடர்பு அறுந்தது. சித்தர் கொதிக்கும் இருபது கோப்பைகளை ஏந்தியபடி அசையாமல் நின்றார்.

ஜெபப்பை பாடத் தொடங்கியது.

நல்ல துள்ளலான பைலா மெட்டு. தபேலாவும் கிற்றாரும். ஒரு நிமிடம் எல்லோரும் கழுத்தில் தொங்கும் பையைப் பார்த்தார்கள். பேர்ணடெற்றின் வலது கால் தாளம் போட்டது.

"நாதம்," என்றார் பொன்னம்பலம், மயிர்க்கூச்செறிய. "மணிமாலையிலிருந்து நாதம் வருது."

"மேனகா, வை போன," என்றார் பேர்ணடெற்.

மேனகா துண்டித்தார். நாதம் நின்றது.

"இப்ப எடு."

மேனகா மறுபடி அழைத்தார். நாதம் வந்தது.

"வை." நின்றது. "எடு." வந்தது. "டீச்சர், இது சிலபஸ்ல எந்தப் பாடம்?"

சுதர்சினி ஜெபப்பையைப் பார்த்தார், மேனகாவின் போனைப் பார்த்தார். அவருடைய முகத்தில் பல வருடங்களுக்குப் பிறகு பௌதிகவியல் தெரிந்தது.

ராக்கம்மா நிமிர்ந்து பைக்குள் கையை விட்டார். மாலை இல்லை. ஒரு மணிகூட இல்லை. இரண்டு சிம் போட்ட போன் ஒன்று வெளியே வந்தது, பாடிக்கொண்டே. திரையில் அழைப்பவரின் பெயர். பேர்ணடெற் வாங்கிக் கண்ணாடியை ஏற்றிப் பிடித்து, சபைக்கு வாசித்தார்.

"வெள்ளவத்தை 4பி. பேய் ரெண்டு தரம். நல்லாப் பயப்படும்."

மேனகாவின் கையிலிருந்து போன் நழுவிச் சோபாவில் விழுந்தது.

மனிதருக்குத் தன் அவமானம் மட்டும் போதாது, மற்றவருடையதும் தெரிய வேண்டும். "உங்கட நம்பரிலையிருந்து அடியுங்கோ பாப்பம்," என்று யாரோ பொன்னம்பலத்தைத் தூண்டினார்கள். அவர் அடித்தார். பைலா. பேர்ணடெற் வாசித்தார்.

"5ஏ. இஞ்சினியர். இங்கிலீஷ்ல சொன்னா நம்பும்."

சுதர்சினி அடிக்க விரும்பவில்லை. அவருடைய போனைப் பிடுங்கி வேறு யாரோ அடித்தார்கள்.

"3சி. டீச்சர். நாம ஒண்ணும் சொல்லத் தேவையில்ல, அதுவே விளக்கம் சொல்லும்."

பாட்டு நின்றதும் திரையில் அதற்கு முன் திறந்திருந்த பக்கம் தெரிந்தது. 4பி வீட்டின் அறைகள் வரிசையாக. சாமி அறை, சிவப்பு. திரை. மின்விசிறி. பேசும் பெட்டி, சிரிப்பு.

"அம்மா, அதைக் கமெராவுக்குக் காட்டுங்கோ," என்றான் சாரங்கன். பார்த்தான். திரையைப் பெரிதாக்கி மறுபடியும் பார்த்தான். "ஓம். அவர்தான் மற்ற அட்மின்."

"தட்ட வாங்குங்க யாராவது," என்றார் சித்தர். "கை சுடுது."

ராக்கம்மாதான் வாங்கினார்.

"தாடியையும் கழட்டு தம்பி, வேர்க்குது," என்றார் பேர்ணடெற். தாடி வந்தது. கண்ணாடி வந்தது. இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும், மட்டக்குளிப் பக்கத்துப் பையன். "நீதானா பிறெடி?"

"ஓம் அன்ரி."

"காவாலி," என்றார் பொன்னம்பலம். "உன்னைப் பொலிஸிலை குடுக்காமல் விடமாட்டன். எங்களை ஏமாத்தினாய்."

பிறெடி கையை ஊதிக்கொண்டான். "குடுங்க சேர். நான் செஞ்சது களவுதான். ஆனா நான் லைற்றைத்தான் போட்டு அணைச்சேன். பேய்னு சொன்னது நீங்க. முதல் முதல் வேலை செஞ்ச வீட்டுல, வயர் லூசான்னு பாக்க யாராச்சும் கூப்பிடுவாங்கன்னுதான் ஸ்டிக்கர் ஒட்டினேன். ஒருத்தரும் கூப்பிடல. ஒரு மாசம் பாத்தேன். அப்பறம்தான் தாடி வாங்கினேன்."

"எங்களுக்கு ஆளை அடையாளம் தெரியாமல் போச்சே," என்றார் மேனகா.

"ரெண்டு நாள் ஒங்க தலைக்கு மேல நின்னேன் மிஸ். ஒருக்காலும் மேல பாக்கல. அந்தத் தைரியம்தான்."

படிக்கட்டிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "அது சரி தம்பி, போன மாசம் நீங்கள் ஊதினாப் பிறகு என்ர முழங்கால் நோ குறைஞ்சுது. அது எப்பிடி?"

பிறெடி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவனுக்கே பரிதாபமாக இருந்தது.

கீழேயிருந்து காவலாளி இருளப்பனைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து பிறெடியின் தோளைப் பிடித்துப் பொலிஸுக்குக் கூட்டிப்போனார். காவிப் பட்டு படியில் தடுக்காமல் இருக்க இருளப்பனே அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனது நல்ல காட்சி.

வரவேற்பறையில் எல்லோரும் அவரவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தான் முதலிலேயே சந்தேகப்பட்டதாக மூன்று பேர் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். பொன்னம்பலம் அவர்களில் ஒருவர்.

மேனகா தொண்டையைச் செருமினார். "சரி ராக்கம்மா. அந்தப் பையைத் தூக்கி உள்ளை வை. தேத்தண்ணி ஆறிப்போச்சு, திரும்ப ஒருக்காச் சூடாக்கு."

ராக்கம்மா அசையவில்லை. "அம்மா, குரூப்புல என்னயப் பத்திப் போட்டீங்களே. அது பொய்யின்னு போடுங்க."

"அது பிறகு பாப்பம்."

"இப்பப் போடுங்கம்மா. நாப்பத்திரண்டு பேரு பாத்தாங்க."

"இப்ப அதைப் போட்டால் ஆக்கள் என்ன நினைப்பினம்? நான் ஏதோ முட்டாள்..." மேனகா பாதியில் நிறுத்தினார். "உனக்கு வேலை போகேல்லைத்தானே. பிறகென்ன?"

"வேலக்காகக் கேக்கல. பேருக்காகக் கேக்குறேன்."

மேனகா டப்லெட்டைப் பார்த்தார். சாரங்கனின் படம் உறைந்திருந்தது. இணைப்பு போனதா, அவன் அசையாமல் இருந்தானா, தெரியாது.

பேர்ணடெற் தன் போனை எடுத்து எழுதினார். எழுதியதைச் சத்தமாகவும் வாசித்தார். 'ராக்கம்மாகிட்ட பேய் இல்ல. பேய் 4பி, 5ஏ, 3சி பல்புல இருந்தது, பேர் பிறெடி. கண்டுபிடிச்சது ராக்கம்மா. 2ஏ பேர்ணடெற்.' அனுப்பினார். அறையிலிருந்த இருபது போனும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிணுங்கின.

"என் வீட்டுக்கு வாறியா?" என்று ராக்கம்மாவிடம் கேட்டார். "கேக்கிற பெட்டி, பேசுற பெட்டி ஒண்ணும் இல்ல. கரண்ட் பில்லுக்குப் பயந்து லைற்றே போடுறதில்ல. சமையல் பாதி நான் செய்வேன். வாய் கொஞ்சம் கூட."

"தெரியுங்க அக்கா. வாறேன்."

"நில்லு," என்றார் மேனகா. "அப்ப இஞ்சை சமையல் ஆர்?"

ராக்கம்மா வாசலுக்குப் போய்த் துணிப்பையைத் தோளில் போட்டார். திரும்பி வீட்டை ஒருமுறை பார்த்தார். வெளிச்சம், விசிறி, திரை, மூலையில் பெட்டி, நடுவில் படித்த மனிதர்கள்.

"லைட்டுக்கு மூள வச்சீங்க, ஃபேனுக்கு வச்சீங்க, திரைக்கு வச்சீங்க. கொஞ்சம் மிச்சம் வச்சு நீங்களும் பாவிச்சுப் பாருங்கம்மா. கரண்டே தேவப்படாது."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார். அவருக்குப் பின்னால் வெளியே வந்த பேர்ணடெற் கதவை இழுத்துச் சாத்தினார். பூட்டு விழுந்தது.